மோசல் ஆற்றங்கரையில் இரண்டு நாள்: எந்த ஊர், எந்தச் சரிவு, எந்த ஒயின்?

நொய்யல்:
வணக்கம். நான் ஜெர்மனியில் பான் நகரத்தில் வேலை பார்க்கிறேன். அக்டோபர் முதல் வாரம் கோவையிலிருந்து அண்ணன் வருகிறார். மோசல் பக்கம் இரண்டு நாள் தங்கி ஒயின் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. எங்களிடம் கார் கிடையாது. இரண்டு பேருக்குமே ஒயினைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

அவர் வருவதற்குள் கொஞ்சம் பழகிக்கொள்ளலாமே என்று போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாட்டில் வாங்கினேன். 'பீஸ்போர்ட்டர் மிகெல்ஸ்பெர்க்' என்று போட்டிருந்தது. மோசலில் பீஸ்போர்ட் பேர் போன ஊர் என்று எங்கேயோ படித்த ஞாபகம். குடித்தால் வெறும் சர்க்கரைத் தண்ணீர். இதற்காகவா உலகமே அங்கே ஓடுகிறது? வரைபடத்தைத் திறந்தால் ஆறு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது, வளைவுக்கு ஒரு ஊர். எதில் இறங்குவது? என்ன கேட்டு வாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டுட்கார்ட் செல்வி:
கோகெம் போங்கள். ரயில் நேரே நிற்கும், மலை மேல் கோட்டை இருக்கிறது, படகு இருக்கிறது, போட்டோவுக்கு அருமை. ஒயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தது, எனக்குத் தெரிந்து.

கூடலூர்க்காரன்:
செல்வி சொல்லும் கோகெம் அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒயினுக்காகப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் மேலே, ஆற்றின் நடுப்பகுதிக்கு வர வேண்டும். நான் ட்ரியரில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நொய்யல் வாங்கிய பாட்டில். பீஸ்போர்ட் ஊருக்குப் பின்னால் தெற்குப் பார்த்து அரைவட்டமாக ஒரு சரிவு எழுந்து நிற்கும். அதன் பெயர் கோல்ட்ட்ரொப்ஃப்ஹென். பீஸ்போர்ட் பேர் வாங்கியது அந்தச் சரிவால். மிகெல்ஸ்பெர்க் அது இல்லை. 1971-ல் வந்த ஒயின் சட்டம் சுற்றுப்பட்டு ஊர்த் தோட்டங்களை எல்லாம் இப்படி ஒரு கூட்டுப் பெயரில் சேர்த்துவிட்டது. ஆற்றோரச் சமவெளியில் சல்லிசாக விளைந்த முல்லர்-துர்காவ் திராட்சைகூட பீஸ்போர்ட் பெயரைப் போட்டுக்கொண்டு கடைக்கு வரலாம். எது தனிச் சரிவு, எது கூட்டுப் பெயர் என்று லேபிளைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது, மனப்பாடமாகத் தெரிந்திருந்தால்தான் உண்டு. 2021-ல் விதியைத் திருத்தி, 2026 அறுவடையிலிருந்து கூட்டுப் பெயருக்கு முன்னால் 'ரெகியோன்' (பகுதி) என்று போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருஷம் கழித்து ஞானோதயம்.

ஆகவே ஊரைத் தேடாதீர்கள், சரிவைத் தேடுங்கள்.

எங்கள் வீட்டுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைத் தோட்டம் உண்டு. அங்கே கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் கொடியைப் படர விடுவோம். தலைக்கு மேல் தொங்கும் கொத்தை அண்ணாந்து பார்த்து வெட்ட வேண்டும். கவாத்து பண்ணி நாலு மாதத்தில் பழம். வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். வெயில் அங்கே ஒரு பிரச்சினையே இல்லை, இலை மறைத்தால்தான் நல்லது. மோசலில் எல்லாம் தலைகீழ். ஏறத்தாழ 50 பாகை வடக்கு அட்சரேகை. வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை, அதுவும் பழுக்குமா பழுக்காதா என்ற கவலையோடு. அதனால்தான் சரிவுக்கு ஏறியிருக்கிறார்கள். இங்கே சூரியன் தாழ்வாகவே போகும். செங்குத்தான நிலத்தில்தான் வெயில் நேராக விழும். மண்ணுக்குப் பதிலாகக் கிடக்கும் சிலேட்டுக் கல் பகல் சூட்டைப் பிடித்துவைத்து ராத்திரி விடும். பிரெம் ஊரில் இருக்கும் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகைக்கு நிற்கிறது. அதற்கு மேல் போனால் சுவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆறு வளைவதால் வெயில் விழும் கரை மாறிக்கொண்டே இருக்கும். வேலென் என்ற ஊர் இடது கரையில் இருக்கிறது. அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்த 'சோனன்ஊர்' (சூரியக் கடிகாரம்) சரிவு ஆற்றைத் தாண்டி வலது கரையில். 1842-ல் ஒரு தோட்டக்காரர் அந்தச் சரிவின் நடுவிலேயே பெரிய சூரியக் கடிகாரம் ஒன்றைக் கட்டிவைத்தார், வேலை செய்கிறவர்கள் நேரம் பார்க்க. ஊர்க் கரையில் நின்று பார்த்தால் இன்றைக்கும் தெரியும். எர்டன் ஊருக்கு இதற்கு நேர்மாறு: வீடுகள் வலது கரை, தோட்டம் இடது கரை. வரைபடத்தில் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது, வெயில் விழும் கரை எது என்று பாருங்கள்.

அறுவடைக் காலத்தில் யூர்ட்சிக் ஊரில் ஒரு குடும்பத் தோட்டத்துக்குப் பறிக்கப் போவேன். அங்கே ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனிக் கம்பு. இரண்டு கிளையை இரண்டு பக்கமும் வளைத்து, கீழே இழுத்துக் கட்டியிருப்பார்கள். கம்பி வரிசை இல்லாததால் சரிவில் குறுக்காக நடக்கலாம், அதுதான் பிழைக்க வழி. நேராக மேலே ஏறினால் கல் சில்லுகள் காலுக்கடியில் சரசரவென்று உருளும், பக்கெட்டோடு நாமும் உருளுவோம். ஒரு கால் எப்போதும் மடங்கியே இருக்கும். பறித்த பழத்தைச் சில இடங்களில் ஒற்றைத் தண்டவாள வண்டியில் இறக்குகிறார்கள், அது இல்லாத இடத்தில் ஆள் முதுகுதான். எனக்கு ஒரு நாளைக்கு மேல் முதுகு தாங்காது. போலந்து, ருமேனியாவிலிருந்து வருகிறவர்கள் வாரக்கணக்கில் செய்கிறார்கள்.

சரி, என்ன குடிப்பது? யூர்ட்சிக் வூர்ட்ஸ்கார்டன் சரிவில் மண் சிவப்பு. பழைய எரிமலைப் பாறையும் சிவப்புச் சிலேட்டும் கலந்தது. வேலெனில் நீலச் சாம்பல் சிலேட்டு. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். ஒரே தோட்டக்காரர், ஒரே வருஷம், ஒரே திராட்சை (ரீஸ்லிங்), ஒரே தரம் (காபினெட்): சரிவு மட்டும் வேறு. இரண்டு கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். யூர்ட்சிக்கில் பழவாசனையோடு ஒரு மசாலா நெடி இருக்கும், வாயில் கனமாக உட்காரும். வேலென் மெலிசு, வெள்ளைப் பீச் வாசனை, முடிவில் ஒரு குளிர்ச்சி. இந்த ஒரு ஜோடியை நிதானமாகக் குடித்தாலே போதும், பத்து ஊர் சுற்ற வேண்டாம்.

புளியோதரை:
கூடலூர்க்காரரே, ரசித்துப் படித்தேன். ஆனால் இரண்டு ஆட்சேபம். ஒன்று, மோசல் ஒயினில் பாதி இனிப்பு. நம் நாக்குக்கு ஃபால்ஸ் பகுதியின் 'ட்ராக்கன்', அதாவது இனிப்பில்லாத, ரீஸ்லிங்தான் சரி. மன்ஹைமில் இருக்கிறேன், பக்கத்திலேயே கிடைக்கிறது, சமவெளியில் சைக்கிளில் போய் வரலாம். இரண்டாவது, "சிலேட்டுச் சுவை" என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. கல்லை யார் நக்கிப் பார்த்தது?

கூடலூர்க்காரன்:
இரண்டாவதில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். கல்லின் ருசி வேர் வழியாக ஏறிப் பழத்துக்குள் வருவதில்லை. கல் செய்வது வேறு வேலை: சூட்டைப் பிடிக்கிறது, மழைத் தண்ணீரைத் தேங்காமல் வடிக்கிறது, வேரை ஆழத்துக்குத் துரத்துகிறது. பழம் எவ்வளவு மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பது அதைப் பொறுத்தது. அந்த வித்தியாசம் கிளாஸில் தெரியும். அதற்கு "சிலேட்டுச் சுவை" என்று பெயர் வைத்தது விற்கிறவர்கள், சரி. வித்தியாசம் பொய் இல்லை.

வயதான ரீஸ்லிங்கில் பெட்ரோல் வாசனை அடிக்கும், அதையும் பலர் கல் கணக்கில் எழுதுகிறார்கள். அது டி.டி.என். என்ற சேர்மம், வெயில் நன்றாகப் பட்ட பழத்தில் கூடுதலாக உருவாகும். முன்பெல்லாம் கொத்தைச் சுற்றி இலையைக் கிள்ளிவிடுவது இங்கே வழக்கம். 2019 ஜூலையில் அடித்த வெயிலில் பழம் கொடியிலேயே வெந்துபோனது. இப்போது கொஞ்சம் இலையை விட்டுவைக்கிறார்கள். கம்பத்துக்காரன் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இனிப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மிகெல்ஸ்பெர்க் பாட்டிலில் இனிப்பு மட்டும்தான் இருந்திருக்கும், எதிர்த்து நிற்கப் புளிப்பு இருந்திருக்காது. நல்ல காபினெட்டில் இரண்டும் சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கும். உப்பும் வெல்லமும் தொட்ட கிளிமூக்கு மாங்காயைக் கடித்த மாதிரி வாய் ஊறும். ஆல்கஹாலும் குறைவு என்பதால் காரத்தோடு சண்டை போடாது. சிக்கன் சுக்காவோடு குடித்துவிட்டு ஃபால்ஸ் பற்றிப் பேசலாம், வாருங்கள்.

நொய்யல்:
அண்ணா, மிக்க நன்றி. சில சந்தேகங்கள். காபினெட், ஷ்பேட்லேசெ என்று போட்டிருந்தால் எது இனிப்பு என்று எப்படித் தெரியும்? துப்ப வேண்டுமாமே, அசிங்கமாக இருக்காதா? சுவைத்துவிட்டு வாங்காமல் வந்தால் முகம் சுளிப்பார்களா?

கூடலூர்க்காரன்:
அந்தப் பெயர்கள் பறிக்கும்போது பழத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதற்கான படிகள். நொதிக்கும்போது அந்தச் சர்க்கரையை எவ்வளவு விட்டுவைத்தார்கள் என்பது வேறு கதை. குறுக்கு வழி ஒன்று: லேபிளின் மூலையில் ஆல்கஹால் சதவீதம் பாருங்கள். 7.5, 8, 9 என்றால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது, இனிப்பு. 12 பக்கம் என்றால் அநேகமாக இனிப்பில்லாதது. 'ட்ராக்கன்' என்று எழுதியிருந்தால் பொதுவாக லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. 'ஃபைன்ஹெர்ப்' என்பது நடுவில் எங்கோ. அதற்குச் சட்டத்தில் அளவு கிடையாது, தோட்டக்காரர் மனசு.

துப்புவதற்கு மேஜையிலேயே பாத்திரம் வைத்திருப்பார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆறேழு ஒயினுக்கு மேல் துப்பாமல் குடித்தால் கடைசி இரண்டும் உங்களுக்கு ஒரே மாதிரி இருக்கும். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்துக் கெடும்.

அறுவடை நேரம் என்பதால் சின்னத் தோட்டக்காரர்கள் எல்லாரும் சரிவில் இருப்பார்கள். போன் பண்ணாமல் கதவைத் தட்டாதீர்கள். நேரம் கொடுத்து உட்கார வைத்துச் சுவைக்கக் கொடுத்தவரிடம் இரண்டு பாட்டிலாவது வாங்குவது மரியாதை. பெரிய விலை இல்லை, ஒரு நல்ல காபினெட்டுக்கு ஹோட்டல் சாப்பாட்டுக் காசு ஆகாது. பெர்ன்காஸ்டல் ஊருக்கு நேர் மேலே 'டாக்டர்' என்று ஒரு சரிவு தெரியும், மூன்று ஹெக்டேர் சொச்சம்தான். அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஸ்டுட்கார்ட் செல்வி:
இவ்வளவு இருக்கிறதா! அடுத்த முறை நானும் வேலென் போகிறேன். போக்குவரத்து மட்டும் நான் சொல்கிறேன். பானிலிருந்து கோப்லென்ஸ், அங்கே ட்ரியர் ரயிலில் மாறி விட்லிக்கில் இறங்குங்கள். பெர்ன்காஸ்டல்-கூஸுக்கு ரயில் கிடையாது, விட்லிக்கிலிருந்து பஸ். பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதை ஆக்கியிருக்கிறார்கள். ஆற்றோரமும் சமதளம்தான், கூஸிலிருந்து வேலென், யூர்ட்சிக் எல்லாம் சைக்கிள் தூரம். ஆனால் போதையில் சைக்கிள் ஓட்டினாலும் இங்கே வழக்கு வரும், பார்த்து.

கூடலூர்க்காரன்:
செல்வி சொன்ன வழிதான் சரி. மழை பிடித்துக்கொண்டால் கூஸில் புனித நிக்கோலஸ் முதியோர் இல்லம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் கூஸ் ஊர்க்காரரான கார்டினல் நிக்கோலஸ் நிறுவியது, இன்னும் சொந்தத் திராட்சைத் தோட்டத்தோடு நடக்கிறது. அண்ணனுக்குச் சரித்திரம் பிடிக்கும் என்றால் ட்ரியர் வரை வாருங்கள், நோய்மாகனில் 1878-ல் கிடைத்த கல்லில் செதுக்கிய ரோமானியக் கப்பல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதில் ஆட்கள் பீப்பாய் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போடுகிறார்கள்.

இன்னொன்று. அந்த வாரம் எல்லாக் கடை வாசலிலும் ஃபெடர்வைஸர் விற்பார்கள், பாதி நொதித்த புது ஒயின், கலங்கலாக இருக்கும். வெங்காயம் போட்டுச் சுட்ட கேக்கோடு நன்றாகவே இருக்கும், குடியுங்கள். ஆனால் இன்னும் பொங்கிக்கொண்டிருப்பதால் அந்த பாட்டிலை இறுக மூட மாட்டார்கள். பையில் படுக்க வைத்து ரயிலேறாதீர்கள்.