புலாஸ்கி சால்மன் ஆறு: கூட்டமும் நாலு அடி லீடரும்

தக்கை:
அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் புலாஸ்கி ஊர் வழியே ஓடுகிற சால்மன் ஆற்றில், செப்டம்பரில் ஒன்டாரியோ ஏரியிலிருந்து கிங் சால்மன் மீன் முட்டையிட ஏறத் தொடங்கினால் நல்ல மடு ஒவ்வொன்றிலும் தோளோடு தோள் நிற்கிற கூட்டம். தூண்டில்காரர்களுக்குள் வரும் சண்டைக்கெல்லாம் கூட்டம்தான் காரணம் என்பது பாதி உண்மை. எல்லாரும் ஒரே எடை ஈயம் கட்டி, வரிசையாக, ஒரே கோணத்தில் வீசினால் தூண்டில் நரம்பு சிக்காது. நடுவில் ஒருத்தர் தக்கை போட்டால் போச்சு. மேல்நீர் வேகமாக ஓடும், அடிநீர் மெதுவாகப் போகும். தக்கை முன்னே போய் அடுத்தவர் நரம்பில் ஏறிவிடும். தக்கைக்காரர்கள் வரிசையின் கீழ்க்கோடிக்குப் போய்விடுவதே மரியாதை.

ஈயக்குண்டு:
அண்ணே, சிக்கு எடுக்க ஐந்து நிமிஷம். மீனின் வாய்க்குள் நரம்பை நுழைத்து மாட்டுகிற ஃப்ளாஸிங் அப்படி இல்லை. முள்ளால் கொத்தி இழுக்கும் ஸ்னாகிங்கை இங்கே 1995-இலேயே தடை செய்தாயிற்று. ஆனால் ஆற்றுக்குள் வந்த கிங் இரை எடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். நீரோட்டத்தை எதிர்த்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். நீள லீடர், அதாவது ஈயத்துக்குக் கீழே முள் வரை போகிற நரம்பு, குறுக்கே நகர்ந்து வரும்போது அந்த வாய்க்குள் நரம்பு நுழையும். பிறகு இழுத்தால் நரம்பு வழுக்கிக்கொண்டே போய், முள் தாடையின் வெளிப்பக்கம் குத்தும். ஈயத்துக்கும் முள்ளுக்கும் நடுவே 4 அடிக்கு மேல் கூடாது என்ற விதி இதற்காகத்தான்: லீடர் நீண்டால் அது துழாவுகிற அகலமும் கூடும்.

பிடித்த மீனைப் பாருங்கள். முள் கடைவாயின் உள்ளிருந்து வெளியே குத்தியிருந்தால் அது கடித்தது. வெளியிலிருந்து உள்ளே குத்தியிருந்தால் நரம்பு செய்த வேலை. தூண்டில் நீரோட்டத்தோடு போய் முடியும் இடத்திலெல்லாம் ராடை (தூண்டில் கோலை) வெடுக்கென்று தூக்குகிறவரிடம் இரண்டாவது வகைதான் அதிகம் வரும்.

ஆத்தோரம்:
"முட்டை போட்டதும் சாகப்போகிற மீன்தானே" என்று வாதம் வரும். கிங் சாகும், சரி. அதன் முட்டையைத் தின்னப் பின்னாலேயே நிற்கிற ஸ்டீல்ஹெட், பிரவுன் ட்ரவுட் என்கிற மீன்கள் சாகாது. துழாவுகிற முள் ஆள் பார்ப்பதில்லை. சரளைக் கல்லில் வெளுத்த திட்டு தெரிந்தால் அதில் கால் வைக்காதீர்கள், முட்டை அங்கேதான் புதைந்திருக்கும்.

நெரிசலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கீழாற்றில் சுமார் இரண்டரை மைல் டக்ளஸ்டன் என்கிற பகுதி, தனியார் வசம். தினச் சீட்டு அளவோடுதான் விற்கிறார்கள். படகில் மிதந்து போகலாம், தூண்டில் போட முடியாது என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் 1997-இல் சொல்லிவிட்டது. காசு இல்லாதவர் எல்லாம் மேலே ஊருக்குள் வந்து நெருக்குகிறார்கள். இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு, ஆனால் சட்டம் தெளிவு.

தக்கை:
தம்பி ஈயக்குண்டு சொன்னதோடு கூட்டத்தைச் சேர்த்துப் பாருங்கள். வாயில் மாட்டிய மீன் தலையை உதறும். ராடைப் பக்கவாட்டில் சாய்த்தால் திரும்பும். "ஃபிஷ் ஆன்" (மீன் மாட்டிவிட்டது) என்று குரல் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர்கள் சுருட்டிக்கொண்டால், ஆள் கீழே நடந்து போய் ஓரத்தில் ஏற்றிவிடலாம். வாலிலோ முதுகுத் துடுப்பிலோ மாட்டியது உதறாது, நேர்கோட்டில் ஓடும், திரும்பவே திரும்பாது. அது ஒன்று போதும், மடு முழுக்கக் கலைந்துவிடும். எப்படியும் விடவேண்டிய மீன் அது. தெரிந்த உடனே அறுத்துவிடுங்கள். ராடை மீனை நோக்கி நேராக நீட்டி, ஸ்பூலை (நரம்பு சுற்றிய உருளையை) இறுகப் பிடித்துப் பின்னால் நடந்தால் லீடர் அறும். நரம்பைக் கையில் சுற்றாதீர்கள், விரலை அறுத்துவிடும். லீடர் பிரதான நரம்பைவிட இரண்டு பவுண்டாவது தாங்கும் பலம் குறைந்ததாக இருக்கட்டும். இல்லையென்றால் எங்கே அறும் என்று சொல்ல முடியாது; நூறு அடி நரம்பை இழுத்துக்கொண்டு மீன் அடுத்த மடுவுக்குப் போய், அங்கே இருப்பவர்கள் காலில் சுற்றும்.