நம்ம வீட்டுக் குழு: வளவில் எந்தப் படத்தை மாட்டுவது?

சொக்கு: அப்பச்சியின் சதாபிஷேகத்தன்று முற்றத்தைச் சுற்றின வளவு முழுக்க மீனா ஆச்சி வரைந்த படங்களை மாட்டலாம் என்று பேசி முடித்தாயிற்று. எதை மாட்டுவது என்பதுதான் பாக்கி. என் யோசனை, கானாடுகாத்தான் அரண்மனை, நம்ம வீட்டு முகப்பு, அப்புறம் பிள்ளையார்பட்டிக் கோபுரம். வருகிறவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும். ஆச்சி, என்ன சொல்றீங்க?

லெட்சு சிங்கப்பூர்: சூப்பர் அண்ணே. முகப்புப் படத்துக்கு ஒரு பிரதி எனக்கும் வேண்டும்.

மீனா ஆச்சி: [படம்] [படம்] [படம்] [படம்]

மீனா ஆச்சி: முகப்பை நான் வரையவே இல்லை சொக்கு. இருப்பது இதுமாதிரிதான். ஊருணிப் படிக்கட்டு, ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற கலர்க் கல் போடுகிறவர், திண்ணையில் உட்கார்ந்து ஓலைக் கொட்டான் பின்னுகிற பெண்கள், சந்தைப்பேட்டையில் கத்தரிக்காய்க் கூடைக்குப் பின்னால் கண் அசந்திருக்கிற அம்மா.

அலமு அயித்தை: எல்லாம் உயிரோடு இருக்கு ஆத்தா. ஆனால் விசேஷ வீட்டில் தூங்குகிற படம் வேண்டாமே. லட்சுமி, சரஸ்வதி என்று ஏதாவது வரைந்தால் என்ன?

மீனா ஆச்சி: அந்த ஒரு படத்தை எடுத்துவிடலாம் அயித்தை, சரிதான். ஆனால் லட்சுமியும் சரஸ்வதியும் நம்ம பட்டாலைக் கூடத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் போட்ட பிறகு வீடு வீடாக வந்த படங்கள், நம்ம பக்கத்தில் அதற்கு ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்து, பெல்ஜியம் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். முகப்புக்கு வந்தால் பர்மாவுக்குப் போய் வந்த ஐயாக்களின் போட்டோ வரிசை. சாமி இருக்கிறது, வீடு கட்டினவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவர், நெல் குத்தினவர், தளத்துக்குக் கல் போட்டவர், ஒருத்தர் முகமாவது நம்ம சுவரில் இருக்கிறதா? இத்தனை பெரிய வீட்டில் அவர்களுக்கு ஒரு ஆணி இடம் இல்லை என்பது எனக்கு ரொம்ப நாளாக மனசை அறுக்கிறது.

லெட்சு சிங்கப்பூர்: ஆச்சி சொல்வது நியாயம். ஆனால் ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீங்க. போட்டோ எடுத்தால் போதாதா? இப்போது ஒரு ஆப்பில் போட்டால் அதுவே வாட்டர்கலர் மாதிரி ஆக்கித் தருகிறது.

மீனா ஆச்சி: கோபம் எல்லாம் இல்லை தம்பி. ஆத்தங்குடிக்காரரையே எடுத்துக்கொள். முதலில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் கைப்பிடி வைத்த அச்சு. அச்சில் உள்ள ஒவ்வொரு அறையிலும் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுகிறார், சிவப்பு ஒரு அறை, பச்சை ஒரு அறை, மஞ்சள் ஒரு அறை. அப்புறம் அச்சைத் தூக்க வேண்டும். அந்த இடத்தில் மனுஷன் மூச்சையே அடக்கிக்கொள்கிறார். கை துளி ஆடினாலும் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். தூக்கினதும் மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவி, அது ஈரத்தைக் குடித்ததும் பின்பக்கத்துக்கான கலவையைக் கொட்டி மட்டம் பண்ணுகிறார். சூளையில் வைத்துச் சுடுகிற வேலையே கிடையாது, இறுகின பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்துக் காயவைப்பதுதான். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. போட்டோவில் இது ஒரு ஆள் குனிந்திருக்கிற படமாக வரும். நான் எதிரே உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் அவர் தோள் இறங்கி, முழங்கை விலாவோடு ஒட்டி, பாரம் முழுக்க மணிக்கட்டுக்குப் போகிறது என்று தெரிந்தது. படத்தைக் காட்டினபோது அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை. அச்சின் கைப்பிடியைப் பார்த்துவிட்டு, ‘பிடி சரியா இருக்கு’ என்றார். எனக்கு அது போதும்.

உமையாள்: மீனா அயித்தை, நீங்கள் அன்றைக்குச் சொன்ன மதுரை ஓவியர் பெயர் என்ன?

மீனா ஆச்சி: மனோகர் தேவதாஸ். படித்ததும் பார்த்த வேலையும் ரசாயனம், படம் போடுவது மனசுக்காக. விழித்திரை நோயால் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது, அப்படியும் மதுரைத் தெருக்களையும் கோயிலையும் பேனா மையால் கோடு கோடாக வரைந்தார். 2020-ல் பத்மஸ்ரீ, 2022-ல் காலமானார். கும்பகோணம் பக்கத்து ஓவியர் இளையராஜாவையும் பார், எண்ணெய் வண்ணத்தில் சமையல்கட்டில் நிற்கிற பெண்களை அவர் வரைந்தால் ஜன்னல் வெளிச்சம் கையில் விழுவது வரை இருக்கும். 2021-ல் கொரோனா கொண்டுபோய்விட்டது. இந்த இரண்டு பேரும் தன் ஊரைத்தான் பார்த்தார்கள்.

உமையாள்: நானும் லீவில் வந்து வரையலாமா? இங்கே சென்னையில் வாங்கின பேப்பர் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி சுருண்டுவிடுகிறது.

மீனா ஆச்சி: வாடா கண்ணு. கெட்டியான 300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம் வாங்கு, விலை கூடத்தான், ஆனால் ஒரு தாளை நாலாக வெட்டிக்கொள்ளலாம். நம்ம ஊர் வெயிலில் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும், அதனால் விடிந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும், அட்டைக்கு மேல் ஈரத்துணி விரித்து அதன் மேல் காகிதத்தை வை. வெள்ளைச் சுவருக்கு வெள்ளை வண்ணம் தொடாதே, காகிதத்தை அப்படியே விட்டுவிடு. செம்மண்ணுக்கு பர்ன்ட் சியன்னா, அதிலேயே அல்ட்ராமரைன் நீலம் கலந்தால் நிழல் கிடைக்கும். கறுப்பு ட்யூபை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அலமு அயித்தை: மீனா, அந்த ஊருணிப் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். குடத்து வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டுகிறாளே! நாங்களும் அப்படித்தான் எடுப்போம். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கவே விடமாட்டார்கள், குனிந்து குடத்தை மட்டும் சாய்க்க வேண்டும். செம்புராங்கல் படி மழைக்குப் பிறகு கறுத்து ஓரத்தில் பாசி பிடிக்கும், அதையும் போட்டிருக்கிறாய். மழைத்தண்ணீர் வருகிற வரத்துக்கால் எந்தப் பக்கம் என்று கூடத் தெரிகிறது. லட்சுமி வேண்டாம் ஆத்தா, இதையே நடுவில் மாட்டு.

சொக்கு: அயித்தையே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல. யோசித்துப் பார்த்தால், 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் நம்ம செட்டிநாட்டைச் சேர்த்தபோதும் வீடுகளை மட்டும் தனியாகச் சொல்லவில்லை, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள் என்றுதான் பெயர். ஊருணி இல்லாமல் ஊர் ஏது. சரி ஆச்சி, முகப்புப் படம் வேண்டாம். ஆணி அடிக்க ஆள் சொல்லட்டுமா?

மீனா ஆச்சி: ஆணி வேண்டவே வேண்டாம்! அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் ஒரு ஓட்டை விழுந்தால் அதே மாதிரி பூச இன்றைக்கு ஆள் தேட வேண்டும். தூணுக்குத் தூண் கயிறு கட்டித் தொங்கவிடு. கிழக்குத் தாழ்வாரத்தில் மாட்டாதே, மத்தியானத்துக்கு மேல் முற்றத்து வெயில் நேராக விழும், கொட்டானில் போட்ட அந்தக் கருஞ்சிவப்பு வெளுக்கிற ஜாதி. கண்ணாடி படத்தில் ஒட்டாமல் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்.

லெட்சு சிங்கப்பூர்: மவுண்ட், சட்டம் எல்லாம் என் செலவு. அப்புறம் எனக்கு முகப்பு வேண்டாம் ஆச்சி, கல் போடுகிறவர் படத்துக்கு ஒரு பிரதி.

மீனா ஆச்சி: அவரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன். படத்தில் இருக்கிற எல்லாரிடமும் மாட்டலாமா என்று கேட்டாயிற்று, பிரதி எடுப்பதைக் கேட்கவில்லை. சொக்கு, அவர்களைக் குடும்பத்தோடு சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். முதல் பந்தியில், நம்ம ஆட்களோடு. இலைக் கணக்கில் சேர்த்துக்கொள்.

சொக்கு: சேர்த்தாயிற்று ஆச்சி. சமையல்காரருக்கும் சொல்லிவிடுகிறேன்.