கண்மாய் கட்டியது அனுபவமா, அறிவியலா?

மேலூர் விவசாயி:
அறிவியல் வந்த பிறகுதான் மனிதன் முன்னேறினான் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நம் பக்கத்துக் கண்மாய்களை வெட்டியவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? ஒன்று நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகிறது. தலைமுறை தலைமுறையாக வந்த அனுபவம் செய்த வேலை இது.

வைகைக்கரை ஆசிரியை:
ஐயா, வெறும் அனுபவம் என்று அவர்களைக் குறைத்துவிடாதீர்கள். வெள்ளம் கரைமேல் வழிந்தால் மண் அரித்து உடைப்பெடுக்கும். அதனால் மிகுந்த நீர் வெளியேறக் கரையைவிடத் தாழ்வாகக் கல்லில் கலுங்கு கட்டினார்கள். காரணம் கண்டு செய்த வேலை அது. அதனால்தான் எந்த ஊர்க் கண்மாய்க்கும் பொருந்துகிறது.

காரணம் தெரியாத இடத்தில் அனுபவம் பட்ட பாட்டுக்கு நரம்புச் சிலந்தியைப் பாருங்கள். தமிழ்நாட்டையும் வாட்டிய நோய். காலில் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் போல் புழு தலைநீட்டும். அறுந்துவிடாமல் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுப்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரிந்த கைப்பக்குவம். ஆனாலும் புழு திரும்பத் திரும்ப வந்தது. தண்ணீரைக் குடித்து ஏறத்தாழ ஓராண்டு கழித்துத்தான் அது வெளியே வரும். இரண்டையும் முடிச்சுப் போடுவது எளிதா? 1870 வாக்கில் ருஷ்ய அறிஞர் அலெக்சி ஃபெட்சென்கோ, தண்ணீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்ற சிற்றுயிருக்குள் அதன் குஞ்சுகள் வளர்வதைக் கண்டார். புண்ணோடு ஊருணிப் படியில் இறங்கினால் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும் என்பதும் தெளிவானது. அந்தச் சிற்றுயிர் உள்ளே போகாமல் துணியில் வடிகட்டிக் குடித்தால் போதும். இன்றுவரை தடுப்பூசி கிடையாது. 2000இல் இந்தியா இந்நோயற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

மேலூர் விவசாயி:
அம்மா, நீங்கள் சொன்ன கணக்கே எனக்குச் சாட்சி. 1870இல் தெரிந்தது 2000 வரை ஏன் காத்திருந்தது? ஊர் ஊராகச் சுகாதாரப் பணியாளர்கள் நடந்தார்கள், அடிகுழாய் வந்தது, நோய் போனது. உழைப்பும் அரசுப் பணமும் அல்லவா ஒழித்தன?

திருப்பரங்குன்றம் மாணவன்:
அண்ணன், அந்தப் பணியாளர் வீட்டு வாசலில் நின்று என்ன சொன்னார்? அந்த விளக்கத்தைத்தானே? அது இல்லாமல் அரசு எத்தனை கோடி ஒதுக்கியிருந்தாலும் குச்சிதான் வாங்கியிருக்கும்.

மேலூர் விவசாயி:
சரி தம்பி. எங்கள் கண்மாய் ஏன் நிரம்பவில்லை என்பது ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும்: வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடக்கிறது. காரணம் தெரிந்தும் தண்ணீர் வரவில்லையே?

வைகைக்கரை ஆசிரியை:
நியாயமான கேள்வி ஐயா. கால்வாய் எந்த இடத்தில், எவ்வளவு தூரம் தூர்ந்திருக்கிறது என்று அளந்து, அந்தக் கணக்கோடு கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். அளக்க என் மாணவர்களை நான் அழைத்து வருகிறேன்.