கலைச்சொல் வேண்டல்: சூரிய ஒளியால் நீரைப் பிளத்தல்

மாணவர் இதழுக்கு மொழிபெயர்ப்பவர்:

அன்புடையீர், வணக்கம்.

வினையூக்கவியல் ஆய்வாளர் ஒருவரின் பணியைப் பற்றிய கட்டுரையொன்றை மாணவர் இதழுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். குறைக்கடத்தித் துகள்களின் மேல் சூரிய ஒளியை விழச்செய்து, நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் ஆக்குவது அவருடைய துறை. டைட்டானியம் டைஆக்சைடு மின்வாயைக் கொண்டு ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் இதைச் செய்துகாட்டினார்கள். ‘வாட்டர் ஸ்பிளிட்டிங்’ என்பதற்கு ‘நீர்ப்பகுப்பு’ போதுமா? அதைச் செய்யும் பொருளை ‘ஒளிவினையூக்கி’ எனலாமா? மெத்தனால் போன்று, வினையில் தன்னையே இழந்து உதவும் பொருளுக்கு அகராதிகள் ‘பலி’ என்ற திசையிலேயே இழுக்கின்றன. அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

பாடநூல் எழுதுபவர், இலங்கை:

‘நீர்ப்பகுப்பு’ வேண்டாம். எங்கள் பாடநூல்களில் அது நீர் மற்றொரு சேர்மத்தைப் பகுப்பதற்கான பெயர். எஸ்தரின் நீர்ப்பகுப்பு என்று எழுதுகிறோம். மின்னால் பகுப்பது மின்பகுப்பு, நீரால் பகுப்பது நீர்ப்பகுப்பு என்று இரண்டும் ஒரே வார்ப்பு. தமிழ்நாட்டு நூல்கள் உருபை விரித்து ‘நீராற்பகுப்பு’, ‘மின்னாற்பகுப்பு’ என்று எழுதுவதால் அங்கே குழப்பம் குறைவாக இருக்கலாம். ஆனால் கட்டுரையை இரு கரையாரும் படிப்பார்கள். ஒன்றில் நீர் வெட்டும் கத்தி. மற்றதில் வெட்டுப்படும் பொருள். ‘நீர்ப்பிரிப்பு’ என்றால் சிக்கல் தீரும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பகுப்பை இவ்வளவு எளிதாகக் கைவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் இந்த அறிவியல் முழுவதையும் அந்த ஒரு வேரே சொல்லிவிடுகிறது. பகு என்னும் அடியிலிருந்தே பகல் பிறந்தது. பகல் என்றால் நாளின் ஒளிப்பாதி, பகல் என்றால் கதிரவன், பகல் என்றால் பிரிவு. மூன்றாவது பொருளை ஐயுறுவோர் ‘இகல்’ அதிகாரத்தின் முதற்குறளைப் பார்க்கலாம். அங்கே பகல் என்பது பிற உயிரோடு கூடாமையே. பட்டினப்பாலையில் வணிகரின் நடுவுநிலைக்கு உவமையாக வரும் பகலாணியும், அதாவது நுகத்தின் நடுவில் நிற்கும் ஆணியும், இக்குடும்பத்ததே. பகலவன் பகுக்கிறான் என்னும்போது எழுவாயும் பயனிலையும் ஒரே வேரில் நிற்கின்றன. ஆகவே ‘பகற்பகுப்பு’ என்பது என் பரிந்துரை. எது பகுபடுகிறது என்பதை இடம் நோக்கி அறியலாம்.

‘நீர்’ முன்னே வந்தே ஆக வேண்டுமென்றால் ஒற்று மிகாமல் எழுதுங்கள். ‘மொழிபெயர்ப்பு’, ‘சிலை திறப்பு’ ஆகியவற்றில் இரண்டாம் வேற்றுமை தொக்கிருந்தும் வல்லினம் மிகவில்லை. மூன்றாம் வேற்றுமைக்கோ ‘பேய்கோட்பட்டான்’, ‘பேய்க்கோட்பட்டான்’ என இருவகையும் உண்டு. ஒற்றின்றி எழுதினால் நீரைப் பகுத்தல், ஒற்றோடு எழுதினால் நீரால் பகுத்தல் என்று நாமே ஒரு மரபை உண்டாக்கிக்கொள்ளலாம்.

வேதியியல் ஆய்வு மாணவி:

ஐயா, தங்கள் சொல்லாய்வை இருமுறை படித்தேன். இருந்தாலும் ஓர் ஒற்றெழுத்தை நம்பி இரண்டு வினைகளை வேறுபடுத்துவது ஆய்வகக் குறிப்பேட்டில் நிலைக்காது. பகலும் பொருந்தவில்லை, எங்கள் ஆய்வுகளில் பெரும்பாலானவை செனான் விளக்கின் கீழ் நடப்பவை, இரவிலும் நடப்பவை.

‘பிரிப்பு’ என்பதில்தான் பெரிய இடர் இருக்கிறது, ஏனெனில் அச்சொல் இத்துறைக்குள்ளேயே வேறு இரண்டு வேலைகளுக்குத் தேவைப்படுகிறது. ஒளி விழுந்ததும் குறைக்கடத்தியில் விடுபடும் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற வெற்றிடமாகிய துளையும் மீண்டும் ஒன்றுசேர்வதற்குள் அவற்றை வெவ்வேறு இடங்களுக்குக் கொண்டுசெல்வது மின்னூட்டப் பிரிப்பு. இறுதியில் கலந்து வெளிவரும் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனியாக்குவது வாயுப் பிரிப்பு. அந்தக் கலவை வெடிக்கக்கூடியது என்பதால் இது அழகுக்கான படி அன்று. ஜப்பானிய ஆய்வாளர் டோமனின் குழு 2021-இல் அறிவித்த 100 சதுர மீட்டர் பலகை அமைப்பில் சவ்வு ஒன்றே இந்த வேலையைச் செய்தது. இதே பத்தியில் நீரையும் ‘பிரித்தால்’, வாசகருக்கு எது எதைப் பிரிக்கிறதென்றே தெரியாது. இவ்விரண்டிலும் ஏற்கெனவே தனித்தனியாக இருக்கும் பொருள்கள் விலக்கப்படுகின்றன. நீரில் நிகழ்வது பிணைப்பு முறிவு. அதற்குப் ‘பிளப்பு’ என்பதே உரிய வன்மையுடைய சொல்.

ஒளிவினையூக்கியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வினையூக்கி வினையின் வேகத்தை மாற்றும், ஆனால் வினைக்குத் தேவையான ஆற்றலைத் தராது. வேதியியலாளர் ஆஸ்ட்வால்டின் இந்த விளக்கத்துக்குப் பழைய பாடநூல்களின் ‘வினைவேகமாற்றி’ அச்சாகப் பொருந்துகிறது. ‘ஊக்கு’ என்பதோ ஆற்றல் கொடுப்பதைப் போல ஒலிக்கிறது. ஒரு மோல் நீரைப் பிளக்கக் குறைந்தது 237 கிலோஜூல் வேண்டும். வினையூக்கியாக எவ்வளவு பிளாட்டினம் தூவினாலும் அந்தக் கணக்கு குறையாது. அந்த ஆற்றலை ஒளியிலிருந்து வாங்கிக் கொடுப்பது குறைக்கடத்தி. அதனால் இதை வினையூக்கம் என்பதே பிழை, செயற்கை ஒளிச்சேர்க்கை என்றே சொல்ல வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், மற்ற இடங்களில் சற்றுப் பொய் சொல்லும் ‘ஊக்கி’, ‘ஒளிவினையூக்கி’யில் மட்டும் உண்மை பேசுகிறது. ஆகவே அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். துகளின் மேல் ஒட்டியிருக்கும் பிளாட்டினத்தைத் ‘துணை வினையூக்கி’ என்றால் போதும்.

தனித்தமிழ் அன்பர்:

பிளப்பு என்றவுடன் அணுக்கருப் பிளவுதான் நினைவுக்கு வருகிறது. நீரிலிருந்து அணுவாற்றல் எடுப்பதாக மாணவன் எண்ணிவிட மாட்டானா? இத்தனை நுணுக்கம் பார்ப்பவர்கள் ஹைட்ரஜனை மட்டும் கேள்வியின்றி உள்ளே விடுவதும் எனக்கு விளங்கவில்லை. நீரை உண்டாக்குவது என்பதே அதன் கிரேக்கப் பொருள். ‘நீரகம்’ என்று எழுதினால், நீர் பிளந்து நீரகமும் உயிரகமும் ஆயின என்று வாக்கியமே பாடமாகிவிடும்.

பாடநூல் எழுதுபவர், இலங்கை:

வாக்கியம் அழகுதான். ஆனால் தமிழ்நாட்டில் ஹைட்ரஜன், இங்கே ஐதரசன் என்று ஏற்கெனவே இருவழியாக நிற்கும் மாணவர்களுக்கு மூன்றாவது வழி தேவையில்லை. அணுக்கருவில் நிகழ்வது ‘பிளவு’, இங்கே நிகழ்வது ‘பிளப்பு’ என்ற வேறுபாடே போதும். பிளவு விளைவையும் பிளப்பு செயலையும் சுட்டுகின்றன. பிரிப்பு பற்றிய மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன், மின்னூட்டப் பிரிப்பை நான் கருதவில்லை. எனினும் வினைச்சொல்லாக வரும்போது ‘நீர் பிளக்கிறது’ என்பதில் நீர் தானே பிளக்கிறதா, வேறொன்றைப் பிளக்கிறதா என்ற மயக்கம் உண்டு. பிரிகிறது, பிரிக்கிறது என்ற தெளிவு இதில் இல்லை. எனவே ‘பிளக்கப்படுகிறது’ என்றே எழுதுங்கள், நடை சற்றுக் கனத்தாலும்.

மாணவர் இதழுக்கு மொழிபெயர்ப்பவர்:

அனைவர்க்கும் நன்றி. இன்றிரவு படியை அனுப்ப வேண்டியிருப்பதால், ‘நீர்ப்பிளப்பு’, ‘ஒளிவினையூக்கி’, ‘துணை வினையூக்கி’ ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ஒற்று மிகாமல் எழுதிப் பார்த்தேன். மெய்ப்புப் பார்ப்பவர் எழுத்துப்பிழை என்று கருதித் திருத்திவிட்டார், நானும் வாதாடவில்லை. முதல் இடத்தில் மட்டும் ‘ஒளியைக் கொண்டு நீரைப் பிளத்தல்’ என்று விரித்து எழுதியிருக்கிறேன். ‘பலி’ச் சொல்லுக்கு ஒருவரும் விடை தராததால், ‘தன்னை இழக்கும் வினைப்பொருள்’ என்று நீட்டியிருக்கிறேன். நீளம் உறுத்துகிறது, நாளை பிற்பகலுக்குள் வேறு சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இழப்பி. கொடு, கொடுப்பி என்பதைப் போன்ற பிறவினை என்று யாரும் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: இது இழப்பு என்னும் தொழிற்பெயரோடு இகர விகுதி சேர்ந்து, இழப்பையுடையது என்னும் பொருளில் வந்தது. பகற்பகுப்பை நான் திரும்பப் பெறவில்லை. செனான் விளக்கும் சூரியனைப் போலச் செய்வதற்காகவே ஏற்றப்படுகிறது என்றால், அதன் ஒளியில் நடப்பதும் பகலில் நடப்பதே.

வேதியியல் ஆய்வு மாணவி:

‘இழப்பி’ நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் எலக்ட்ரானை இழக்கும் பொருள், எலக்ட்ரானை ஏற்கும் பொருள் என்று அதில் இருவகை உண்டு. மெத்தனால் இழப்பது, வெள்ளி நைட்ரேட் ஏற்பது. ஏற்பதையும் ‘இழப்பி’ என்றால் வகுப்பில் கேள்வி வரும்.