7 மெகாஹெர்ட்ஸ்: ஃப்ளக்ஸ் 150, கே 2 என்றாலும் விடியற்காலையில் சென்னை கேட்பதில்லை. உதவி தேவை

கேள்வி (சத்துவாச்சாரி, வேலூர்)

வணக்கம். ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) உரிமம் வாங்கி நாலு மாதம் ஆகிறது. 100 வாட் ரிக் (ரேடியோ), மொட்டை மாடியில் 7 மீட்டர் கம்பம், அதில் இன்வெர்டட் வீ டைபோல் (தலைகீழ் V வடிவக் கம்பி ஆன்டெனா). தினமும் எழுந்ததும் சூரிய எண்களைப் பார்ப்பேன். இன்று ஃப்ளக்ஸ் (சூரியனின் ரேடியோ வீச்சு அளவு) 150, கே இன்டெக்ஸ் (பூமியின் காந்தக் கலக்க அளவு) 2. நல்ல நிலைதானே? ஆனால் 4:30 மணிக்குச் சென்னை, பெங்களூரு நண்பர்கள் கொஞ்சமும் கேட்பதில்லை. அதே நேரம் இந்தோனேசிய நிலையங்கள் பளிச்சென்று வருகின்றன. 6:30-க்கு மேல் நண்பர்கள் எல்லாரும் வந்துவிடுகிறார்கள். மாலை 6:30 ஆனால் எஸ் மீட்டரில் (சிக்னல் பலம் காட்டும் முள்) எஸ்9 அளவுக்கு இரைச்சல், ஒருவர் குரலும் எடுபடாது. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) நல்ல அளவில், 1.3 தான். கனெக்டரை மூன்று முறை சாலிடர் வைத்துப் பார்த்துவிட்டேன். கோளாறு எங்கே?

பதில் (காட்பாடி)

தம்பி, கனெக்டரை விடுங்கள். இவை இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

முதலில் விடியற்காலை. உங்களுக்குச் சென்னை சுமார் 140 கிலோமீட்டர். இவ்வளவு கிட்டத்தில் பேச, அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய் வானில் உயரத்தில் அயனிகள் நிறைந்த எஃப்2 அடுக்கில் பட்டுத் திரும்ப வேண்டும். அதற்கு அந்த அடுக்கின் கிரிட்டிக்கல் ஃபிரீக்வென்சி (செங்குத்தாகப் போகும் அலையைத் திருப்பி அனுப்பும் உச்ச அலைவரிசை) 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டியாவது இருக்க வேண்டும். இரவு முழுக்க வெயில் இல்லாததால் அயனிகள் குறைந்துகொண்டே வந்து, விடிவதற்குச் சற்று முன்புதான் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது செங்குத்தாகப் போகும் அலை அடுக்கைத் துளைத்துக்கொண்டு போய்விடும். சாய்வாகப் போவது மட்டும் திரும்பி, தூரத்தில் இறங்கும். இந்தோனேசியா கேட்பது அதனால்தான்.

ஃப்ளக்ஸ் உலகத்துக்கெல்லாம் ஒரே எண். கே இன்டெக்ஸ் 3 மணி நேரக் காந்தக் கலக்கத்தைச் சொல்வது. வேலூருக்கு மேல் இப்போது என்ன நிலை என்பதை இரண்டும் சொல்லாது. அலையை மேலே அனுப்பிப் பார்க்கும் அயனோசோண்ட் கருவிகள் அளப்பதை வைத்துப் போடும் கிரிட்டிக்கல் ஃபிரீக்வென்சி வரைபடத்தைப் பாருங்கள். 7-க்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால் 80 மீட்டர் அலைவரிசைக்கு (3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) போய்விடுங்கள், சென்னை கிடைக்கும்.

மாலை இரைச்சலுக்கு வானத்தைவிட வீட்டைத்தான் சந்தேகப்படுகிறேன். ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எஸ் மீட்டரைப் பாருங்கள்.

பதில் (குடியாத்தம்)

அண்ணன் சொன்னது சரி. நான் 27 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் சிபிக்காரன் (சிபி என்பது பொதுமக்களுக்கான ரேடியோ). ஊருக்குள் பேச வானம் தேவையில்லை, தூரத்துக்குத்தான் தேவை. அதற்கு நான் எண்களைவிடப் பீக்கனைத்தான் (தானாகவே சிக்னல் அனுப்பும் நிலையம்) நம்புவேன். 28.200 மெகாஹெர்ட்ஸில் உலகெங்கும் 18 நிலையங்களுக்கு முறை வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு 10 நொடி, 3 நிமிடத்தில் ஒரு சுற்று. அழைப்புக்குறிக்குப் பின் நான்கு நீளக் கோடுகள் வரும்: 100 வாட், 10, 1, கடைசியில் 0.1. மூன்றாவது கோடும் தெளிவாகக் கேட்டால் என் 5 வாட்டுக்கும் நம்பிக்கை உண்டு. 28 திறந்திருந்தால் 27-உம் திறந்திருக்கும். 20 மீட்டருக்கு இதே பீக்கன்கள் 14.100-இல்.

கேட்டவர்

இன்று மாலை மெயினை அணைத்தேன். முள் எஸ்9-இலிருந்து அப்படியே எஸ்3-க்கு விழுந்தது. திரும்பப் போட்டு, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். பொழுது சாய்ந்ததும் அம்மா போடும் வாசல் எல்இடி விளக்குதான்! அதை மாற்றியதும் எஸ்4. காட்பாடி அண்ணா, ரொம்ப நன்றி. 80 மீட்டர் டைபோலுக்கு 40 மீட்டர் கம்பி வேண்டும், எங்கள் மாடி போதாது. ஒரு முனையைப் பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறேன்.