ஊசிக்கு முன்னால் பாராசிட்டமால்: எந்தப் புண்ணியவான் சொன்னது?

மருந்துக்கடைக்காரன்: "ஒன்றரை மாத ஊசிக்குக் கிளம்பும்போதே பாராசிட்டமால் கொடுத்துவிடுங்கள், குழந்தை அழாது" என்று நேற்று இந்த இணையக் குழுவில் ஒரு மேதை எழுதியிருந்தார். 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் படியுங்கள். செக் நாட்டில் 459 குழந்தைகள். ஊசி போட்ட நாளிலேயே மூன்று வேளை கொடுத்தார்கள். காய்ச்சல் குறைந்தது, கூடவே ஊசியால் உடலில் உருவாகி நோயைத் தடுக்கும் எதிர்ப்புப்பொருளும் குறைந்தது.

அஞ்சறைப்பெட்டி: அந்த மேதை நான்தான், வணக்கம். என் இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தேன், இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. புதன்கிழமை ஊசி போடும் நர்ஸம்மாவே கால் மாத்திரை கொடுக்கச் சொல்லி அனுப்புகிறார். அவரும் உங்களிடம் பாடம் படிக்க வேண்டுமா?

மருந்துக்கடைக்காரன்: அவர் சொல்வது காய்ச்சல் வந்தால். நீங்கள் சொன்னது ஊசிக்கு முன்னால். எதிர்ப்புப்பொருள் குறைந்ததா இல்லையா?

லண்டன்வாசி: குறைந்தது சரி. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதுகாப்புக்குத் தேவையான அளவு இருந்ததே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? இங்கே பிரிட்டனில் 2015இல் மென்-பி என்ற மூளைக்காய்ச்சல் தடுப்பூசி வந்தபோது, காய்ச்சலுக்குக் காத்திராமல் பாராசிட்டமால் 2.5 மில்லி வீதம் மூன்று வேளை கொடுக்கச் சொன்னதே அரசுதான்.

மருந்துக்கடைக்காரன்: மென்-பி காய்ச்சலுக்குப் பேர்போன ஊசி. நாம் பேசுவது பென்டா, ஒன்றரை மாதத்தில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி. குறைந்ததா இல்லையா?

லண்டன்வாசி: பென்டாவில் இருப்பது முழுசெல் வகை, அதாவது கொன்ற கிருமியை முழுதாகச் சேர்த்த கக்குவான் இருமல் தடுப்பு மருந்து. செக் குழந்தைகளுக்குப் போட்டது காய்ச்சல் குறைவாக வரும் வேறு வகை. அதை இதற்கு எப்படிப் பொருத்துகிறீர்கள்?

மருந்துக்கடைக்காரன்: லண்டன் போனால் எல்லோரும் டாக்டர்தான்! போன மாதம் ஒரு பாட்டி பாராசிட்டமால் சொட்டுமருந்து பாட்டிலோடு கடைக்கு வந்தார். கையில் 5 மில்லி சிரப் மூடி. அதில் பாதிவரை ஊற்றிக் கொடுக்கப் போகிறாராம். சொட்டுமருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கே 120தான். நாலு கிலோ குழந்தைக்கு 60 மில்லிகிராம் போதும், அந்த மூடிக்கணக்கில் 250 உள்ளே போயிருக்கும். உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்துத்தான் இப்படி வருகிறார்கள்.

அஞ்சறைப்பெட்டி: அந்தப் பாட்டி இந்தத் திரியைப் படித்தாரா? முன்பு இங்கே நடந்த கிரைப் வாட்டர் சண்டையில் நான் உங்களை மடக்கியதை இன்னும் மறக்கவில்லை போல.

மருந்துக்கடைக்காரன்: அதில் மடங்கியது நீங்கள். அந்தத் திரி இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

புது அம்மா: நாளைக்கு எங்கள் பாப்பாவுக்கு ஊசி. கொடுக்கலாமா வேண்டாமா?

வாசகன்77: ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுங்கள், வலி குறையும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. முன்கூட்டி வலிமருந்து வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது.

மருந்துக்கடைக்காரன்: பார்த்தீர்களா!

லண்டன்வாசி: அது வலிக்குச் சொன்னது, காய்ச்சலுக்கு அல்ல.

அஞ்சறைப்பெட்டி: பத்து பேர் பார்க்க, ஒரு கையில் அழுகிற குழந்தையோடு பால் கொடுத்துப் பாருங்கள் வாசகரே, அப்புறம் பேசலாம்.

மருந்துக்கடைக்காரன்: பேச்சை மாற்ற வேண்டாம். 459 குழந்தைகள். குறைந்ததா, இல்லையா?