ஷார்ட்கட் வைரஸ் அழித்தாலும் திரும்ப வருகிறது

கேள்வி (தக்கலை):
பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 7, 2 ஜிபி ராம். அப்பாவின் ரப்பர் வெட்டுக் கணக்கும் தங்கச்சி கல்யாணப் போட்டோவும் இதில்தான் இருக்கின்றன. ஒரு கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்ததிலிருந்து, எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறிவிடுகின்றன. ஆன்டிவைரஸ் அழிக்கிறது, ரீஸ்டார்ட் செய்தால் மறுபடியும் வந்துவிடுகிறது. ஃபார்மேட் செய்யச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை.

பதில் (மார்த்தாண்டம்):
தம்பி, ஃபார்மேட் வேண்டாம். ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைந்துதான் இருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது, அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட் (ஸ்கிரிப்ட்களை ஓட்டும் விண்டோஸ் புரோகிராம்) ஓடினால் முதலில் நிறுத்துங்கள். அப்புறம் எம்எஸ்கான்ஃபிக் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எவை ஓடும் என்று காட்டும் விண்டோஸ் கருவி) திறந்து, ஸ்டார்ட்அப்பில் அந்த ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்த்து அழியுங்கள். குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஷார்ட்கட்டை மட்டும் டபுள் கிளிக் செய்துவிடாதீர்கள்.

பதில் (குளச்சல்):
அண்ணன் சொன்னது சரி. அதிலும் போகவில்லை என்றால், வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் ரெஸ்க்யூ டிஸ்க்கைப் (விண்டோஸ் இல்லாமலே ஓடும் ஆன்டிவைரஸ்) பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து ஸ்கேன் செய்யுங்கள். விண்டோஸ் ஓடாதபோது வைரஸும் ஓடாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. இந்த மெஷினில் பேங்க் வேலை செய்யவே செய்யாதீர்கள்.

கேட்டவர்:
அண்ணே, டபிள்யூஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நிறுத்தினேன். ஸ்டார்ட்அப்பில் ஒரு ஸ்கிரிப்ட், ஷெட்யூலரிலும் ஒன்று இருந்தது, இரண்டையும் அழித்தேன். மறைந்த ஃபைல்களை மறுபடி காட்டவைக்கும் அட்ரிப் கட்டளை போட்டதும் பென்டிரைவில் மறைந்தவை எல்லாம் திரும்ப வந்தன. மூன்று முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன், வைரஸ் வரவில்லை. இப்போது போட்டோக்களை டிவிடியில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.